காணாக்கடி

"அம்மா, என் முதுகைப் பாரேன்!" என்று ஒருநாள் விடியற்காலையில் என் சின்ன மகள் அழாக்குறையாக வந்து நின்றாள். இடுப்பிலிருந்து தோள் வரை தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. சொறிந்து சொறிந்து நகக்கோடு வேறு. 14 வயதுப் பெண், பள்ளிக்கூடம் போகவே வெட்கப்பட்டாள்.

"காணாக்கடிம்மா. ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிட்டுப் போயிருக்கு" என்று என் மாமியார் வேப்பிலையால் மந்திரித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தார். நான் என் பங்குக்கு அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மத்தியானத்துக்குள் தடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை!

மறுநாள் காலையில் தொடையில் வந்தது. அதற்கடுத்த நாள் கையில்.

எங்கள் மாகறல் செய்யாற்றங்கரை ஊர். சுற்றிலும் வயல், பூச்சிக்குக் கேட்பானேன்? மூட்டைப்பூச்சியாகத்தான் இருக்கும் என்று கட்டிலை வெயிலில் போட்டு, இடுக்கெல்லாம் கொதிக்கும் நீரை ஊற்றினேன். மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளியோ, விரிப்பில் ரத்தக் கறையோ இருந்தால் மூட்டைப்பூச்சி என்று தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவளுக்குத் தடிப்பு நிற்கவில்லை.

பத்தாம் நாள் தலைவலி என்றாள். கடையில் வாங்கி வைத்திருந்த வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். விடியுமுன் எழுப்புகிறாள், மேலுதடு வீங்கிக் குரல் அடைத்திருந்தது. அன்றைக்கு நான் பட்ட பாடு! பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆட்டோவில் காஞ்சிபுரத்துக்கு ஓடினோம். ஊசி போட்டு, சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

"இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. மந்திரித்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள்ள தானாவே மறையும். அப்புறம் வேற இடத்துல வரும். அதனால யார் என்ன செஞ்சாலும் பலிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் மஞ்சளும் அந்தக் கணக்கில்தானே!

இதற்கு அர்ட்டிகேரியா என்று பெயராம். காஞ்சொறி மாதிரி மேலே பட்டால் அரிக்கும் ஒரு செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்றார். பூச்சியே கடிக்க வேண்டியதில்லை. காய்ச்சல், சில உணவு, சில மருந்து எதனாலும் கிளம்பலாம். பல சமயம் காரணமே அகப்படாது. ஆனால் வலி மாத்திரைகளில் சில இதை மோசமாக்கும். நான் கொடுத்தது அந்த ரகம். தெரியாமல் கொடுத்தேன் என்றாலும், கொடுத்தது என் கைதானே.

அவர் சொன்ன ஒரு சோதனையைச் சகோதரிகள் அவசியம் செய்து பாருங்கள். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் வட்டம் காலியாகி, தடிப்பு வேறிடத்தில் இருந்தால் பெரும்பாலும் இதுதான். அதே இடத்தில் பல நாள் நின்றால் பூச்சிக்கடியாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரி வந்து, ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டினால் அது சிரங்கு. அதற்கு டாக்டர் தரும் களிம்பை அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் பூசினால்தான் போகும்.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்துவிடுங்கள்.

என் மகள் டாக்டர் சொன்னபடி அரிப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாள். தடிப்பு வந்த அன்றைக்கு மட்டும் போட்டால் போதாதாம். ஐந்து வாரத்தில் நின்றது. அந்த வலி மாத்திரையின் பெயரை அலமாரிக் கதவின் உட்புறம் பெரிசாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தை வேப்பிலையை விடவில்லை. ஆனால் இப்போது, "பேனா எங்கடி?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.