கொல்லையில் கறிவேப்பிலை, முற்றத்தில் பட்டாம்பூச்சி: ஏன்?

ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்ட லயன்களில் வாசலுக்கொரு செம்பருத்தி, கொல்லைக்கொரு கறிவேப்பிலை என்பது எழுதாத சட்டம். பட்டாம்பூச்சிக்கு எது முக்கியம்? கொல்லையில் நிற்பதுதான்.

பூவின் தேன் வளர்ந்த பூச்சிக்கு. புழுவுக்கோ இலை வேண்டும், அதுவும் குறிப்பிட்ட குடும்பத்து இலை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட ‘பாப்பிலியோ பாலிட்டீஸ்’ தாய், இலைமேல் இறங்கி முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். சுவை உணரும் நுண்மயிர்கள் காலில்தான் இருக்கின்றன. ருசி சரியென்றால் ஒரு முட்டை. இளம்புழு பறவை எச்சம்போலக் கிடக்கும், வளர்ந்தால் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பை நீட்டி நாற்றம் விடும். மருந்தடிக்காதீர்கள், குழம்புக்கு மிச்சமிருக்கும்.

தேனுக்கு இட்லிப்பூ நல்லது: குழலும் நீளம், பூச்சியின் உறிஞ்சியும் நீளம். அடுக்குப் பூக்கள் பெரும்பாலும் நம் கண்ணுக்கு மட்டும்.

தண்ணீர்க் கவலை பாலைவனத்தாருக்கு. தீபகற்பத்தில் மழை குறைந்த ஜெலுபுவிலேயே ஆண்டுக்குச் சுமார் 1,650 மி.மீ. பெய்கிறது. இங்கே வெயில் விழும் இடமாகப் பார்த்து நட வேண்டும்.

செம்பனைச் சாலையோர டர்னெரா பூச்செடியின் கதை வேறு. அது ஓலை தின்னும் பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தீனி. அந்தப் பைப்புழுவோ அந்துப்பூச்சி இனம், பட்டாம்பூச்சிக்குச் சொந்தம்தான்!