அட்டவணையும் அட்டையும்: கூட்டாய்வில் தரவுகளை நகர்த்துதல் பற்றிய சில குறிப்புகள்

சமூக ஆய்வில் ஈடுபடுவோர் தாம் திரட்டும் தரவுகளை இன்று பெரும்பாலும் மின் விரிதாளிலேயே பதிந்து வைக்கின்றனர். வினாக்கொத்துக்கு விடையளித்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு நிரல், இரண்டும் சந்திக்கும் கலத்தில் ஒரு விடை என்பதே அதன் ஒழுங்கு. 1979இல் டான் பிறிக்லினும் பொப் பிராங்ஸ்ரனும் ஆக்கிய விசிகல்க் 63 நிரல்களையும் 254 நிரைகளையும் கொண்டிருந்தது. இன்றைய எக்செலின் ஒரு தாளிலே 1,048,576 நிரைகள் உள. பரப்புப் பெருகியதேயன்றி அமைப்பின் அடிப்படை மாறவில்லை. கணக்குப் பேரேட்டின் வழிவந்த அவ்வமைப்பு எண்களைக் கூட்டவும் ஒப்பிடவும் மிக உகந்தது. மனிதர் தம் சொந்தச் சொற்களிற் கூறிய விடைகளைப் பலர் கூடியிருந்து ஆராய முற்படும்போதே அதன் போதாமை வெளிப்படுகின்றது. அட்டவணையின் முன் அமர்ந்திருக்கும் குழுவில் ஒருவர் திரையை உருட்ட, ஏனையோர் பார்த்திருப்பர்.

இந்நிலையிலேயே, விரிதாளிலுள்ள விடைகளைத் திரையில் நகர்த்தத்தக்க குறிப்பட்டைகளாக மாற்றும் முறை கவனத்துக்குரியதாகின்றது. மிரோ, மியூரல் முதலான செயலிகள் பரந்த வெண்பலகையொன்றைத் திரையில் தருகின்றன. விரிதாளின் ஒரு நிரலைப் பிரதிசெய்து அப்பலகையில் ஒட்டினால், ஒவ்வொரு விடையும் தனித்தனி அட்டையாகப் பிரிந்து வீழும். பின்னர் வெவ்வேறு ஊர்களில் இருப்போரும் ஒரே வேளையில் அவற்றை இழுத்து இடம்மாற்றலாம். தொழினுட்பத்தைப் பொறுத்தவரை இதில் விளக்கவேண்டியது அதிகமில்லை. அட்டையாக்குவதால் ஆய்வில் என்ன மாறுகின்றது என்பதே எமது வினா.

இவ்வினாவைக் கணினிக்கு முன்பே எழுப்பியவர் யப்பானியப் பண்பாட்டு மானிடவியலாளரான ஜிரோ கவாகித்தா (1920–2009). நேபாள மலைக் கிராமங்களிற் கள ஆய்வு நிகழ்த்திய அவர், பல்வகைப்பட்ட களக்குறிப்புகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்ற இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். அதற்கு அவர் கண்ட வழி, அவருடைய பெயரின் முதலெழுத்துக்களால் கே. ஜே. முறை என வழங்கலாயிற்று. 1967இல் வெளிவந்த தமது நூலில் அதனை விளக்கினார். ஒரு துண்டில் ஒரு செய்தி மட்டும் எழுதப்படும். துண்டுகள் அனைத்தும் பரப்பப்பட்டு, தம்முள் நெருங்கியவை முதலிற் சிறு கூட்டங்களாகவும், அச்சிறு கூட்டங்கள் பின்னர் பெருங் கூட்டங்களாகவும் சேர்க்கப்படும். தலைப்புகளை முன்கூட்டி வகுத்துக்கொண்டு துண்டுகளை அவற்றுள் இடுதல் கூடாது. எதனோடும் சேராத துண்டை வலிந்து சேர்க்கவும் கூடாது. நேபாளக் கிராமத்தவரையே தம் பிரச்சினைகளை ஆராய்வதிற் பங்குகொள்ளச் செய்து, குடிநீர் விநியோகமும் மலையிடுக்குகளைக் கடக்கும் கம்பிவடப் போக்குவரத்தும் அமைய வழிகோலியமைக்காக 1984இல் இவருக்கு மக்சாய்சாய் விருது வழங்கப்பட்டது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒரு பல்கலைக்கழகத்தில், மாலை வேளையில் நூலகத்துக்கு வராமைக்கான காரணம் மாணவரிடம் வினவப்படுகின்றது என்று கொள்வோம். 'ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை' என்கிறார் ஒருவர். 'விடுதிக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இல்லை' என்பது மற்றொருவர் விடை. 'விடுதிக் கதவை நேரத்தோடு பூட்டிவிடுகிறார்கள்', 'இருட்டுமுன் வந்துவிடும்படி வீட்டிலே சொல்லுகிறார்கள்' எனவும் விடைகள் வருகின்றன. முன்னரே வகுத்த குறியீட்டின்படி இவை போக்குவரத்து, கட்டட வசதி, விடுதி நிருவாகம், குடும்பம் என நான்கு இடங்களுக்குச் சிதறும். ஒவ்வொன்றும் சிறு வீதமாய்ச் சுருங்கும். 'நூல்கள் போதாமை' முதலிடம் பெற, மேலும் நூல்கள் வாங்குக என்று அறிக்கை எழுதப்படும். அவ்விடைகளே அட்டைகளாகப் பலகையிற் கிடக்கும்போது யாரேனும் ஒருவர், பெரும்பாலும் ஒரு மாணவி, நான்கையும் அருகருகே இழுத்து வைப்பார். இருட்டிய பின் அச்சமின்றித் திரும்பிச் செல்ல வழியில்லை என்ற ஒரே உண்மையின் நான்கு கூறுகள் அவை என்பது அப்போது புலனாகும். கவாகித்தாவின் முறையிற் கூட்டத்துக்கு இடும் பெயர் தனிச்சொல்லாக அமையாது, இத்தகைய முழு வாக்கியமாக அமையவேண்டுமென்பதன் காரணமும் இதனால் விளங்கும்.

இனி, நடைமுறையில் நேரும் சில இடர்களைக் கூறவேண்டும். கலம் அட்டையானதும் அது தன் நிரையை இழந்துவிடுகின்றது. விடையளித்தவர் எந்த ஆண்டு மாணவர், எங்கிருந்து வருபவர் என்பது தெரியாது போகும். எனவே பிரதிசெய்வதற்கு முன்னரே, தொடரெண்ணையும் விடையையும் ஒரு கலத்தில் இணைக்கும் சூத்திரத்தை விரிதாளில் எழுதிப் புதியதொரு நிரலை ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அதேவேளை பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள நிரல்கள் பலகைக்கு வரலாகாது. இணைப்பைப் பெற்ற எவரும் பலகையைத் திறக்கக்கூடும். சிறிய துறையொன்றில், பெயர் இல்லாவிடினும் சொல்லும் முறையைக் கொண்டே ஆளை அடையாளங் கண்டுவிடுவர்.

தமிழுக்கென்றே உரிய தொல்லையும் ஒன்றுண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சான விடைகள் பலகையில் ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற குவியலாகவே தோன்றும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். ஒருங்குறியில் அமைந்த எளிய பாடக்கோப்பைக்கூட எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது எழுத்துக்கள் சிதைவதுண்டு. தரவை உள்ளீர்க்கும் வழியாகச் சென்று, யூரிஎப்-8 என்ற குறிமுறையைத் தெரிவுசெய்தால் அது நீங்கும். இதனை அறியாதார் தமிழ் விடைகளை ஒதுக்கிவிட்டு ஆங்கில விடைகளோடு அமைந்துவிடுதல் கூடும். யாருடைய குரல் அவ்வாறு விடுபடும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அட்டைகளை எவரும் நகர்த்தலாம் என்பதனால் கலந்துரையாடல் தானாகவே சனநாயகமயமாகிவிடாது. பேராசிரியர் நகர்த்திய அட்டையை மீண்டும் பழைய இடத்துக்கு இழுக்க முதலாண்டு மாணவர் துணியார். அட்டைகளைச் சேர்க்கும் வேளையில் எவரும் பேசலாகாது என்று சிலர் விதிப்பது இதன் பொருட்டே. யார் எதனை நகர்த்துகின்றார் என்பது தெரியாதவாறு பிறரின் சுட்டிகளை மறைக்கும் வசதியும் சில செயலிகளில் உண்டு. அட்டைகளைத் தாமே கொத்துக்களாகச் சேர்த்துத்தரும் வசதி இப்போது வந்திருப்பினும், சேர்க்கும்போது எழும் கருத்து வேறுபாட்டுக்காகவே குழு கூடுகின்றதாதலின், அதனை முதற்படியாகக் கொள்வதை நாம் விரும்பவில்லை.

அமர்வு முடிந்ததும் அட்டைகள் விரிதாளுக்கு மீளவேண்டும். எண்ணிக்கையும் ஒப்பீடும் அங்கேதான் இயலும். செயலியிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக்கள் திரும்புமெனினும், எது எதன் அருகே கிடந்தது என்பது முழுமையாகத் திரும்புமென நம்பியிருத்தல் தகாது. ஆதலின் ஒவ்வொரு தொடரெண்ணுக்கும் எதிரே அது சேர்ந்த கூட்டத்தின் வாக்கியத்தை அமர்விலேயே பதிந்துவிடுதல் நன்று. எக்கூட்டத்திலும் சேராத அட்டைகளுக்கு எதிரே அவ்வவற்றின் சொற்களையே எழுதவேண்டும். அங்கே 'ஏனையவை' என்று எழுதுவோமாயின், பலகைக்கு வருமுன் இருந்த குறியீட்டுக்கே நாம் திரும்பிவிடுகின்றோம்.