மோலிக்காக ஊரைத் துறந்த புதுக்கோட்டை ராஜா!

நாவல்களில் ராஜாவின் காதல், கல்யாணத்தோடு சுபமாக முடிந்துவிடும். புதுக்கோட்டை ராஜாவுக்கோ பிரச்னையே கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது!

சிறுவயதிலேயே அரியணை ஏறியவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1915-ல் ஆஸ்திரேலியா போனபோது, மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தார். ராஜாவுக்கு வயது 39; மோலிக்கு 20. ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது.

பிரிட்டிஷ் அரசு கொதித்துப்போனது. மோலியை ராணியாக அங்கீகரிக்கவே மறுத்துவிட்டது. இருந்தாலும் புதுக்கோட்டைக்கு வந்தார் மோலி. கர்ப்பமாக இருந்தவருக்கு அங்கே உடல்நலம் கெட்டது. யாரோ அரளி விஷம் கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916-ல் மனைவியோடு ஆஸ்திரேலியாவுக்கே கப்பலேறினார் ராஜா. ஜூலையில் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. பெயர், மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்!

அந்தக் குழந்தைக்கும் வாரிசுரிமை கிடைக்கவில்லை. ஊரோடு இருந்தால் மனைவிக்கு மரியாதை இல்லை. மனைவியோடு இருந்தால் ஊர் இல்லை. ராஜா மனைவியைத் தேர்ந்தெடுத்தார். 1922-ல் ஆட்சிப் பொறுப்பு அவருடைய சகோதரரிடம் போனது.

1928-ல் பாரிஸில் ராஜா காலமானார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. அதே ஆண்டு புதுக்கோட்டை அரியணையில் 6 வயது ராஜகோபால தொண்டைமான் அமர்த்தப்பட்டார்.

மோலி அதன்பின் 39 ஆண்டுகள் வாழ்ந்து, 1967-ல் பிரான்ஸில் மறைந்தார். அவருடைய அஸ்தியும் கோல்டர்ஸ் கிரீனுக்கே போய்ச் சேர்ந்தது. ராணிப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. கணவரின் பக்கத்தில் இடம் கிடைத்தது.