ஜீப் ஏறும் அம்மாக்களுக்கு

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடித் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு. நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் வயசுக்கு வந்த மகள் தனியாக. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அந்தத் தாய் மலையேறுகிறாள்.

குழந்தைத் திருமணம் என்றாலே அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ இந்தப் பயம்தான் பெரிய காரணமாகப் படுகிறது. சடங்குக்குத் தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு வருவார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் படம் ஃபிளெக்ஸில் ஏறும். (அந்த ஃபிளெக்ஸையாவது விட்டுத் தொலைக்கலாம்.) மறுநாளிலிருந்து ஊர் கண்ணுக்கு அவள் ‘கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளை’.

உடம்போ இன்னும் வளர்ந்து முடியவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதோடு கர்ப்பமும் சேர்ந்தால் ரத்தக்கொதிப்பு, வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து கூடும். கேஸ் ஆகிவிடுமே என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பது அதைவிட மோசம்.

மாப்பிள்ளை மாமன் மகன் என்பதால் சட்டத்தில் சலுகை கிடையாது. 18 வயதுக்கு முன் கட்டிவைத்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்திவைத்தவருக்கும் தடுக்காத பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல் (பெண்களுக்குச் சிறை கிடையாது), 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த வயது மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலருக்குத் தெரியாத ஒன்று: தாலி ஏறிய பிறகும் வழியிருக்கிறது. 20 வயது முடிவதற்குள் அந்தப் பெண் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தத் திருமணத்தை ரத்து செய்துகொள்ளலாம், ஜீவனாம்சமும் கேட்கலாம். வக்கீலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வைத்துத்தரும், எண் 15100. திருமணம் நடக்கும் முன் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சொன்னவர் பெயர் வெளியே வராது. மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். நீதித்துறை நடுவர் தடையுத்தரவு போட்ட பிறகு கட்டுகிற தாலி செல்லவே செல்லாது.

மகளைத் தனியாக விடப் பயமென்றால், கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலத் துறைகளின் மாணவியர் விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் காசில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

நாளைக் காலை ஜீப் ஏறும் முன், அம்மா, 1098 என்ற எண்ணை மகளுக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டுப் போங்கள்.