சுட்டால் காசு கரையும்

துப்பாக்கி சுடும் கணினி விளையாட்டுகளில் பொதுவாகத் தோட்டாவுக்குப் பஞ்சமே இருக்காது. கை ஓயும்வரை சுடலாம். ‘மெட்ரோ 2033’ அப்படிப்பட்டதல்ல. இங்கே நல்ல தோட்டாதான் பணம்.

ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலை வைத்து, உக்ரேனின் கியவ் நகரில் இயங்கிய ‘4ஏ கேம்ஸ்’ நிறுவனம் இதை உருவாக்கியது. 2010இல் வெளிவந்தது. அணுவாயுதப் போரில் அழிந்த மாஸ்கோவில், தப்பிப் பிழைத்தவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் குடியிருக்கிறார்கள். மேலே கதிரியக்கமும் கொடிய விலங்குகளும். ஆர்ட்டியோம் என்ற இளைஞனாக நாம் அந்த இருட்டுக்குள் நடக்கிறோம்.

போருக்கு முன் தயாரான ராணுவத் தோட்டாக்களைக் கொடுத்துத்தான் கடையில் பொருள் வாங்க வேண்டும். அவை சுரங்கத்தில் செய்த மட்டமான தோட்டாக்களைவிட வலிமையானவை. ஆபத்தில் அவற்றையே சுடலாம். ஆனால் சுடச்சுடக் காசு கரையும். நிலத்துக்கு மேலே போனால் முகமூடி வேண்டும். அதன் வடிகட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கைவிளக்கு மங்கினால் கையாலேயே மின்னூட்ட வேண்டும்.

குறைகளும் ஏராளம். சில எதிரிகள் எத்தனை தோட்டா பட்டாலும் லேசில் விழுவதில்லை. இருளில் பதுங்கி ஒருவனை வீழ்த்தினால், தூரத்தில் நிற்பவனுக்கும் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. அன்றைய கணினிகள் பல இதை ஓட்டத் திணறின.

ஆனாலும் எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், விளையாட்டு சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு ரகசியக் கணக்கு. பிச்சை கேட்கும் சிறுவனுக்குத் தோட்டா கொடுத்தால், நிலையத்தில் மக்கள் பேசுவதை நின்று கேட்டால், அது நம் கணக்கில் சேர்கிறது. திரையில் எந்த எண்ணும் தோன்றாது. யாரும் விளக்கமும் தர மாட்டார்கள். அந்தக் கணக்கு போதாதவருக்குக் கதை ஒரே வழியில்தான் முடியும். போதுமானவருக்கோ, நாம் அழிக்கப் புறப்பட்ட மர்ம உயிரினங்கள் உண்மையில் எதிரிகள்தானா என்று யோசிக்க, கடைசி நிமிடத்தில் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். காது கொடுத்தவருக்கே கருணை காட்டும் உரிமை!

இன்று அந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. மாஸ்கோவைப் பற்றிய கதையை விளையாட்டாக்கிய கியவ் நகரின்மீதே பின்னர் ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. அந்தப் போரை எதிர்த்த குளுகோவ்ஸ்கிக்கு 2023இல் மாஸ்கோ நீதிமன்றம், அவர் நேரில் இல்லாமலேயே, 8 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

2014இல் வந்த ‘ரிடக்ஸ்’ பதிப்பில் பல குறைகள் களையப்பட்டுள்ளன. புதிதாக ஆடுவோர் அதிலிருந்தே தொடங்கலாம். வன்முறை மிகுந்தது என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, பெரியவர்களுக்கு மட்டும். அவசரப்பட்டு ஓடாதீர்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால், கொஞ்சம் நின்று கேளுங்கள்.