வீட்டு இசைப்பதிவுக்கான கருத்துரை

இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு குழு, தன் வீட்டிலேயே பதிவு செய்த பாடல்தொகுப்பை வெளியிடும் முன் பிறரைக் கேட்கச் செய்து, அவர்கள் சொல்வதைக் கொண்டு திருத்திக்கொள்வது உண்டு. அவ்வாறு சொல்லப்படுவதே இங்குக் கருத்துரை எனப்படுகிறது. விமரிசனம் இதனின் வேறானது. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியவை நடந்து முடிந்த கச்சேரிகளைப் பற்றி வாசகர்களுக்குச் சொன்னவை. கருத்துரையோ இன்னும் மாற்றக்கூடிய நிலையில் உள்ள ஒரு வேலையைப் பற்றி, அதைச் செய்தவரிடமே சொல்வது. இந்த வேறுபாட்டை மறந்து, பத்திரிகை விமரிசகரின் நடையில் நண்பனின் பாட்டைக் கிழிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பழைய வழக்கு

படைப்பை அறிந்தோர் முன் வைத்துக் குறை கேட்பது தமிழில் அரங்கேற்றம் என்ற பெயரில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. கந்தபுராண அரங்கேற்றத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை இன்னும் பொருத்தமானது. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்பர் நூலைத் தொடங்கியதும், முதற்சொல்லின் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று அவையில் ஒருவர் தடை எழுப்பினார். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து விதியைக் காட்டினார் என்பது கதை. தடை சொன்னவர் 'நூல் நன்றாயில்லை' என்று சொல்லவில்லை. ஓர் இடத்தைச் சுட்டினார். விடை சொன்னவரும் கோபப்படவில்லை, நூலைக் காட்டினார்.

தஞ்சாவூரில் இதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தொழிலால் சித்த மருத்துவர். இசை அவருடைய ஆர்வம். 1912 முதல் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டி, சுருதி பற்றிய தம் ஆராய்ச்சியை வித்துவான்கள் முன் வைத்தார். ஒரு தாயிக்கு 22 சுருதிகள் என்ற கொள்கையை மறுத்து 24 என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய மாநாட்டிலும் அதைக் கொண்டுபோய், தம் பெண்மக்களை வீணை வாசிக்கச் செய்து காட்டினார். எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என்று சொல்ல முடியாது. ஆயினும் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் அச்சாகும் முன்பே அதன் கருத்துகள் எதிர்ப்பாளர்களின் காதுகளைக் கடந்து வந்துவிட்டன. அரண்மனையோ சபாவோ அழைக்கும்வரை காத்திராமல், தாமே அவையைக் கூட்டித் தம் வேலையைச் சோதனைக்கு வைத்தார் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

வீட்டுப் பதிவு

பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி 1979இல் டாஸ்காம் நிறுவனத்தின் நான்கு தட கேசட் கருவியோடு வீட்டுக்குள் வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் அத்தகைய கருவியில் தம் வீட்டில் பாடிப் பதிந்தவை வெறும் மாதிரிப் பாடல்கள். பின்னர் முழு வாத்தியக் குழுவோடு அவற்றை ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தபோது, கேசட்டில் இருந்த உணர்ச்சி வரவில்லை. இறுதியில் அந்த வீட்டுக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அவ்வாண்டே வெளியாயிற்று. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அதற்கு முன் அவர் நண்பர்களோடு சேர்ந்து இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்.

இப்போது ஒரு கணினி, ஓர் இடைமுகப் பெட்டி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் போதும். தஞ்சாவூர் – பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரத்தநாடு போன்ற ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு தொகுப்பை உருவாக்கப் பெருநகரம் போக வேண்டியதில்லை. ஆனால் ஊர் தன் ஒலியையும் சேர்த்தே தரும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரங்கள் இரவிலும் ஓடும். மழைக்காலத்தில் வயலோரத் தவளைகள் விடியும்வரை விடா. கான்கிரீட் அறையில் கைதட்டினால் ஒரு கிணுகிணுப்பு எழும். சுவரில் போர்வை, ஜமுக்காளம் தொங்கவிட்டால் அது குறையும். மின்விசிறியை நிறுத்தாமல் பாடிய பாட்டில் விசிறியும் பாடும்.

வாத்தியங்களின் இயல்பும் உண்டு. பறையின் தோல் தீயில் காய்ச்சியதும் இறுகி ஒலி உயரும். நேரம் செல்லச் செல்லத் தளர்ந்து தாழும். ஈரக்காற்றில் இன்னும் விரைவாகத் தளரும். ஆகவே காலையில் பதிந்த பகுதியையும் மதியம் பதிந்த பகுதியையும் ஒட்டினால் ஒட்டிய இடம் காதில் தட்டும். நாகசுரம் தனக்குரிய கட்டையில் நிற்கும்; கீபோர்டுதான் அதற்கு இணங்கிச் சுருதி மாற்றிக்கொள்ள வேண்டும். நாகசுரம், தவில் இரண்டும் திறந்த வெளிக்கு உரியவை. சிறிய அறையில் மைக்கை அருகில் வைத்தால் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அவ்வாறு வெட்டுப்பட்டதைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது.

எதைப் பற்றிச் சொல்வது

கருத்துரை பயனற்றுப் போவதற்குப் பெரிய காரணம், பாட்டு, வாசிப்பு, பதிவு, கலவை ஆகிய நான்கையும் ஒன்றாகக் குழப்புவது. 'ஏதோ சரியில்லை' என்று ஒருவர் சொன்னால், மெட்டு சரியில்லையா, பாடியவர் சுருதி விலகினாரா, மைக் தொலைவில் இருந்ததா, குரலைத் தாளவாத்தியம் மூடுகிறதா என்பது தெரியாது. நான்கு குறைகளுக்கும் மருந்து வேறு. குரல் மூடப்பட்டிருந்தால் அரை மணி நேர வேலை. சரணம் நீண்டுவிட்டது என்றால் மீண்டும் எழுதிப் பாட வேண்டும். அதனால் கருத்துரையை மெட்டிலும் சொல்லிலும் தொடங்கிக் கலவையில் முடிப்பதே முறை. மாற்றப்போகும் சரணத்தின் ஒலியளவைச் சீர்செய்வது, இடிக்கப்போகும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

ஓரிடத்தைச் சுட்டும் ஒரு வாக்கியம் எவ்வளவு செய்யும் என்பதற்கு 1962ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. பீட்டில்ஸ் குழுவின் 'பிளீஸ் பிளீஸ் மீ' முதலில் மந்தமான நடையில் அமைந்திருந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். மெட்டையோ சொல்லையோ அவர் பழிக்கவில்லை. அந்நவம்பரில் விரைவான நடையில் பதிவான அப்பாட்டே அவர்களை இங்கிலாந்து முழுவதும் அறிய வைத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் டெக்கா நிறுவனம் அவர்களுடைய சோதனைப் பதிவைக் கேட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது. ஒதுக்கியதிலிருந்து குழு கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

சொல் தெளிவை அறியப் பள்ளிக்கூடச் சோதனை ஒன்று உதவும். வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் பாட்டைப் போட்டு, கேட்டதை எழுதச் சொல்வது. அதாவது, சொல்வதை எழுதுதல். அவர் தவறாக எழுதிய இடங்கள்தாம் குரல் மூடப்பட்ட இடங்கள். ல, ள, ழ வேறுபாடு பாடியவர் வாயில் மறைந்ததா, கலவையில் மறைந்ததா என்பதைக் குரல் தடத்தை மட்டும் தனியாகக் கேட்டால் அறியலாம். 'வார்த்தை புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இப்படி எழுதிய தாள் ஒன்றே மேலானது.

பாட்டை அனுப்பும் முறையும் கவனத்துக்குரியது. வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுத் தரம் குறையும். ஆவணமாக அனுப்ப வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய எழவே மாட்டா. தவிலின் தொப்பி கேட்கவில்லை என்று சொல்லும் முன் எதில் கேட்டோம் என்பதைக் குறிப்பிடுவது நேர்மை.

சொல்லும் முறை

கருத்துரை எப்போதும் நன்மை செய்யும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடையேகூட உண்டு. அது தவறு. குளூகர், டெனிசி ஆகிய உளவியலாளர்கள் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துரை சராசரியாகத் திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் திறனைக் குறைத்திருந்தது தெரியவந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி, வேலை செய்தவர் மேல் திரும்பும்போது தீங்கு நேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஜான் ஹாட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007இல் எழுதிய கட்டுரையும் இதையொட்டியதே. ஆளைப் பற்றிய பாராட்டு மிகக் குறைந்த பயனே தரும் என்று அது கூறுகிறது. எங்கே போகிறேன், எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்து என்ன என்ற மூன்று கேள்விகளுக்கு விடையாக அமைவதே நல்ல கருத்துரை என்பது அவர்கள் முடிபு.

ஆகவே 'நீ பிறவிப் பாடகன்டா' என்பதும் 'உனக்கெல்லாம் எதுக்குப் பாட்டு' என்பதும் ஒரே குறை உடையவை. இரண்டிலும் பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. 'இரண்டாம் சரணத்தில் நாலாவது வரியில் மூச்சு வாங்குவது கேட்கிறது. அதற்கு முன் அரைத் தாளம் இடைவெளி விட்டால் சரியாகலாம்' என்றால் மறுநாள் செய்து பார்க்கலாம்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ஆம் ஆண்டளவில் வகுத்த நான்கு படி முறை இசைக்குழுக்களுக்கும் ஏற்றது. முதலில் கேட்டவர்கள் மனத்தில் தைத்தது எது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். மூன்றாவதாகக் கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். அக்கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு இழுக்கிறீர்கள்' என்பது தீர்ப்பு. 'இந்த நடையை எதற்காகத் தேர்ந்தீர்கள்' என்பது கேள்வி. கடைசியில்தான், படைத்தவர் இசைவு தந்தால், அபிப்பிராயம். நம் ஊரில் மூத்தவர் சொல்வதைத் தடுத்து 'அனுமதி கேளுங்கள்' என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் மூத்தவரிடம் முன்கூட்டியே, 'ஐயா, சுருதி மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்' என்று குறிப்பாகக் கேட்க முடியும். பெரும்பாலும் அவர்களும் அதை விரும்புவார்கள்.

'சத்தம்' என்ற சொல்

டெல்டாப் பகுதியில் இளைஞர் குழு ஒன்று பறையையும் உறுமியையும் கிதாரோடு சேர்த்துப் பதிந்தால், கேட்பவர்களில் சிலர் 'ஒரே சத்தமாக இருக்கிறது' என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பொருள் இருக்கலாம். பறை உண்மையிலேயே உச்சத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம். அது பதிவின் குறை. பறை சரியாகப் பதிவாகி, குரலைவிட மேலே நிற்கலாம். அது கலவையின் குறை. மூன்றாவது, பறை என்றாலே சாவுக்கு அடிப்பது, சபைக்கு ஆகாதது என்ற சாதி வழக்கம் காதில் இருக்கலாம். அது பாட்டின் குறையே அன்று.

மூன்றாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு பறையைத் தணித்துவிடும் குழு தன் தொகுப்பின் உயிரையே தணித்துவிடுகிறது. முதலாவதை மூன்றாவதாக எடுத்துக்கொண்டு, 'எங்கள் வாத்தியத்தை இழிவு செய்கிறார்கள்' என்று திருத்த மறுக்கும் குழு கரகரப்பான பதிவையே வெளியிட்டு நிற்கும். இரண்டும் இழப்பே. எது எது என்று அறிய வழி உண்டு. 'எந்த நொடியில் சத்தமாக இருந்தது' என்று கேட்டால் போதும். இடம் சொல்பவர் ஒலியைக் கேட்டவர். இடம் சொல்ல முடியாதவர் வேறு எதையோ கேட்டிருக்கிறார். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராக் இசையோடு மேடையேற்றியபின், இச்சேர்க்கை இளைய கேட்போருக்குப் புதிதாகத் தோன்றுவதில்லை. ஊர்ப் பெரியவர்களின் காது மாறச் சற்றுக் காலம் ஆகும்.

பெறுவோர்

மாணாக்கர் இயல்பைச் சொல்லும்போது நன்னூல் அன்னம், பசு ஆகியவற்றைத் தலையாகவும், மண், கிளி ஆகியவற்றை இடையாகவும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடையாகவும் கூறும். கருத்துரை பெறுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் கிடைப்பது அரிது. குறிப்பாக நெய்யரி. நெய்யைக் கீழே விட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்திருப்பது. பத்துப் பேர் சொன்ன பயனுள்ள செய்திகளை மறந்து, ஒருவர் சொன்ன கேலியை ஆறு மாதம் நினைத்திருக்கும் பாடகர் நெய்யரிதான். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளி, யார் சொன்னாலும் அப்படியே மாற்றிவிடும் குழு.

நடைமுறையில், ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசியவரின் கருத்தே எல்லோருடையதாகிவிடும். போடும் முன், 'இது அவசரமாகச் செய்தது, குரல் கொஞ்சம் கட்டியிருந்தது' என்று விளக்கம் சொல்லக் கூடாது. கேட்பவரின் காது அந்தக் கட்டிய குரலையே தேடும். மூவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே குறை இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'புல்லாங்குழலை எடுத்துவிடு' என்று ஒருவர் சொல்லும் இடத்தில், குழலும் குரலும் ஒரே தாயியில் மோதுவதுதான் நோயாக இருக்கலாம்.

திருத்தியதையும் பழையதையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது நல்லதாகத் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. தேர்ந்த ஒலிப்பதிவாளர்களும் இதில் ஏமாறுவதுண்டு. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை உரத்த பாடல்களின் ஒலியளவைத் தாமே இறக்கிவிடுகின்றன. ஆகவே போட்டிக்காக ஒலியை ஏற்றி நசுக்குவதால் ஆதாயம் இல்லை.

ஒவ்வொரு பதிப்புக்கும் நாளிட்டுப் பெயர் வைத்து, பழையதை அழிக்காமல் வைத்திருப்பது வழக்கமாக வேண்டும். நான்கு முறை திருத்தியபின் முதல் பதிவே நன்று என்று தெரியவரும் நாளும் உண்டு. நெப்ராஸ்காவுக்கு நேர்ந்தது அதுவே. நடவுப் பாட்டையோ ஒப்பாரியையோ ஊர்ப் பெண் ஒருவரிடமிருந்து கற்றுச் சேர்த்திருந்தால், தொகுப்பை அவருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். மெட்டில் எங்கே வழுவியிருக்கிறது என்பதை அவர் சொல்வார். அட்டையில் அவர் பெயர் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவரே சொல்வார்.