கலோரிக் கணக்கும் தராசு முள்ளும்

காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவு போடும் நம் தொழிலில் உழைப்பு அதிகம்; உடல் அசைவு குறைவு. கல்லாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நடுவில் இரண்டு மூன்று டீ, வந்தவருக்காக ஒரு வடை, பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்கு. நாற்பது வயதில் தொப்பை, ஐம்பதில் சர்க்கரை, அறுபதில் இருதயம் என்று வரிசையாக வருவதை நம் கடைத்தெருவில் வீட்டுக்கு வீடு பார்க்கிறோம்.

இப்போது நம் பிள்ளைகள் செல்போனில் இதற்கென்று ஓர் ஆப் வைத்திருக்கிறார்கள். காலையில் தின்ற இட்லி முதல் இரவு குடித்த பால் வரை அதில் பதிந்தால், இத்தனை கலோரி ஆயிற்று என்று கூட்டிக் காட்டுகிறது. அத்தோடு நிற்காமல், இப்படியே போனால் இந்தத் தேதியில் உங்கள் எடை இத்தனை கிலோ என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறது.

இதை ஆரூடம்போல் நம்பிப் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. சொன்னபடி குறையவில்லை என்று வெறுத்துப்போய்ப் பழையபடி தின்னத் தொடங்குபவர்களும் உண்டு. இரண்டுமே உடம்புக்குக் கேடு. ஆகவே இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் எவ்வளவை நம்பலாம் என்பதை வியாபாரி கண்ணோடு பார்ப்பது நல்லது.

வரவும் செலவும்

கலோரிக் கணக்கு நம் பேரேட்டைப் போன்றதுதான். உண்பது வரவு, உடம்பு எரிப்பது செலவு. வரவு மிஞ்சினால் கொழுப்பாக இருப்பு ஏறும். செலவு மிஞ்சினால் இருப்பு கரையும். இந்த அடிப்படையில் தவறு ஏதும் இல்லை.

வரவுப் பக்கத்துக்கு அடிகோலியவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி. 1890களில் அவர் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்ததுதான், 1 கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற விகிதம். இன்று பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் கலோரி எண்ணுக்கும் அந்த விகிதமே அடிப்படை.

செலவுப் பக்கத்துக்குப் பல ஆப்கள் 1990இல் வெளியான மிஃப்லின் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. ஆண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கு, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, கடைசியில் 5 சேர். 50 வயது, 170 செ.மீ. உயரம், 85 கிலோ எடையுள்ள ஒரு கடைக்காரருக்கு இது சுமார் 1,670 வரும். உட்கார்ந்து செய்யும் தொழில் என்பதற்காக 1.2ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 2,000 கலோரி.

மூன்றாவதாக ஒரு வாய்பாடு. அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி 1958இல் எழுதியபடி, ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி, அதாவது கிலோவுக்குச் சுமார் 7,700. தினமும் 500 கலோரி குறைத்துத் தின்றால் வாரம் 1 பவுண்டு, ஏறக்குறைய 450 கிராம் குறையும் என்ற கணக்கு இதிலிருந்து வந்தது.

சிறிய லாபம், பெரிய புரட்டு

மேலே சொன்ன கடைக்காரரிடம் ஆப், தினம் 1,500 கலோரி தின்னுங்கள், 500 துண்டு விழும் என்று சொல்கிறது. இங்கேதான் வியாபாரி மூளை விழித்துக்கொள்ள வேண்டும்.

மொத்த வியாபாரத்தில் 100 ரூபாய்ச் சரக்குக்கு 2 ரூபாய் நின்றால் பெரிது. எடையில் ஒரு சதவீதம் தவறினால் தவறு ஒரு சதவீதம்தானே என்று நாம் விட்டுவிடுவதில்லை. லாபத்தில் பாதி அதிலேயே போய்விடும். இரண்டு பெரிய தொகைகளின் நடுவே நிற்கும் சிறிய மிச்சத்தை, சிறு பிழையும் விழுங்கிவிடும்.

கலோரியிலும் இதே கதை. மிஃப்லின் சூத்திரம் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு 10 சதவீதத்துக்குள் சரியாக வரும். மற்றவர்களுக்கு அதற்கு மேலும் விலகும். நம் கடைக்காரரின் உண்மையான செலவு 2,000க்குப் பதில் 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 என்று நினைத்த துண்டு 300 ஆகிவிடும். அவர் 1,500 என்று எழுதிய சாப்பாடு உண்மையில் 1,800 என்றால் துண்டே இல்லை. ஆப் திரையில் மாதம் 2 கிலோ குறையும். தராசு முள் அசையாது.

எழுதாமல் விட்ட வரவு

வரவுப் பக்கத்தில் பிழை வருவது எளிது. 1992இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், 1,200 கலோரிக்கும் குறைவாகத் தின்றும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். தனி அடையாளமிட்ட நீரைக் குடிக்கவைத்து, உடம்பு எரிப்பதைத் துல்லியமாக அளக்கும் முறை அது. அவர்கள் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. உண்டதில் 47 சதவீதத்தைக் கணக்கில் விட்டிருந்தார்கள். செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் எண்ணத்தில் செய்ததல்ல. கைப்பிடி வேர்க்கடலையும் டீயில் போட்ட சர்க்கரையும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

நம் சமையலில் இது இன்னும் கடினம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்து சாதமானால் அது இரண்டரை மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடும். சாதத்தை எடை போட்டுவிட்டு ஆப்பில் அரிசி என்று பதிந்தால் கணக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். தாளிப்பிலும் தோசைக் கல்லிலும் விடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. 10 மில்லிக்கு 80 கலோரிக்கு மேல். ஒரு கிண்ணம் சாம்பார் என்றால் எந்தக் கிண்ணம், எத்தனை பருப்பு? சில ஆப்களில் பயன்படுத்துபவர்களே உணவுகளைச் சேர்ப்பதால் ஒரே பண்டத்துக்கு நாலு எண் இருக்கும். கை தானாகவே குறைந்த எண்ணைத்தான் தொடும்.

பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணும் தெய்வ வாக்கல்ல. அமெரிக்காவில் உண்மைக் கலோரி அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 28 கிராம் முழு பாதாமுக்கு 170 கலோரி என்று எழுதிவந்தார்கள். 2012இல் அமெரிக்க விவசாயத் துறை ஆய்வாளர்கள் மனிதர்களைக்கொண்டு சோதித்ததில் உடம்புக்குச் சேர்ந்தது 129தான். சரியாக மெல்லப்படாத பருப்பின் கொழுப்பு செரிக்காமல் வெளியேறிவிடுகிறது.

செலவுப் பக்கத்தில் கைக்கடிகாரம்போல் கட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட 7 கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தது. நாடித்துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே காட்டின. கலோரிச் செலவில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதமும் மோசமானது 93 சதவீதமும் தவறின. கருவி 300 கலோரி எரிந்தது என்கிறதே என்று கூடுதலாக இரண்டு பரோட்டா தின்றால் நஷ்டம் நமக்குத்தான்.

உடம்பும் செலவைச் சுருக்கும்

வரவும் செலவும் துல்லியமாகவே இருக்கட்டும். அப்போதும் 3,500 வாய்பாடு நெடுநாளைக்குச் செல்லாது. தினம் 500 குறைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 24 கிலோ என்கிறது அது. அப்படியானால் 85 கிலோ ஆள் மூன்று வருடத்தில் 14 கிலோவுக்கு வந்து நிற்க வேண்டும்! நடக்கிற காரியமா?

எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. வியாபாரம் படுத்தால் நாம் செலவைச் சுருக்கிக்கொள்வதைப் போலத்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் இதற்குப் புதிய கணக்கு வெளியிட்டார்கள். தினம் 10 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் முடிவில் 1 பவுண்டு குறையும். அதில் பாதி குறைய ஒரு வருடம், 95 சதவீதம் குறைய மூன்று வருடம் ஆகும். இந்தக் கணக்குப்படி 500 கலோரிக்கு முதல் வருடத்தில் 11 கிலோ. பழைய வாய்பாடு சொன்னதில் பாதிகூட இல்லை.

முதல் வாரத்தில் மட்டும் இரண்டு கிலோ மளமளவென்று இறங்குகிறதே என்று கேட்கலாம். புது வத்தல் மூட்டையைக் கோடவுனில் இரண்டு மாதம் வைத்தால் எடை குறைகிறது. வத்தலை யாரும் எடுக்கவில்லை, ஈரம் போயிற்று. உடம்பில் சேமித்த மாவுச்சத்து 1 கிராமோடு சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் அதுதான் கரைகிறது. அந்த வேகத்தை வைத்து மாதக் கணக்குப் போடுபவர்கள் இரண்டாம் மாதம் மனம் உடைந்துபோகிறார்கள்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் மகன் பாக்கி கட்ட வந்தவன் சொன்னான்: "அண்ணாச்சி, மூணு மாசத்துல ஆறு கிலோ குறையும்னு ஆப்ல போட்டிருந்துச்சு. ரெண்டரைதான் குறைஞ்சிருக்கு. எல்லாம் ஏமாத்து வேலை. விட்டுட்டேன்." "ரெண்டரை கிலோ லாபம்தானே தம்பி, அதை ஏன் நஷ்டக் கணக்குல எழுதுறே?" என்றேன். அவன் உடம்பு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எஸ்டிமேட் தப்பு என்பதற்காக ஓடுகிற கடையை யாராவது மூடுவார்களா?

எழுதுவதுதான் பலன்

அப்படியானால் ஆப் வேண்டாமா? வேண்டும். அதன் ஆரூடத்தைத் தள்ளிவிட்டு ஏட்டை வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் சுமார் 1,700 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஆறு நாளுக்குக் குறையாமல் உண்டதை எழுதிவந்தவர்களுக்கு, எழுதாதவர்களைப் போல் இரு மடங்கு எடை குறைந்தது. 2014இல் மைஃபிட்னஸ்பால் என்ற ஆப்பைக் கலிபோர்னியாவில் 212 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, ஆப் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. முதல் மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோர் அதைத் திறப்பதையே குறைத்துவிட்டார்கள். சிட்டையை வாங்கி அலமாரியில் வைத்தால் கடன் வசூலாகாது என்பது நமக்குத் தெரிந்ததே.

நம் அன்பர்கள் கைக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்.

முதல் நான்கு வாரம் சாப்பாட்டை மாற்றாமல் எழுதிவாருங்கள். அளவுக்கு வீட்டில் ஒரே கிண்ணம், ஒரே கரண்டி. மாத எண்ணெய்க் கணக்கைத் தலைக்கட்டால் வகுத்து உங்கள் பங்கைச் சேருங்கள். தினமும் காலையில் பல் துலக்கியதும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நான்கு வாரமும் சராசரி எடை மாறவில்லை என்றால், ஆப் காட்டும் சராசரிக் கலோரி 1,700 ஆனாலும் 2,300 ஆனாலும் அதுதான் உங்களுக்கு வரவும் செலவும் சரியாக நிற்கும் இடம். எப்போதும் ஒரே அளவு பிழை காட்டும் வீட்டுத் தராசிலும், நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். அந்த இடத்திலிருந்து தினம் 300 குறையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தராசைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள். உடற்பயிற்சியில் எரிந்ததாகக் காட்டுவதை வரவில் திருப்பிச் சேர்க்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து கல்லாவிலேயே மயங்கி விழ நேரும். அறுபது தாண்டியவர்கள் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவு நல்ல அடையாளம்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

கடைசியாக ஒன்று. டாக்டர் ராமச்சந்திரன் தலைமையிலான சென்னை மருத்துவர் குழுவும் பிறரும் தென்னிந்தியாவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு, இப்படிச் சாப்பிடுங்கள், நடங்கள் என்று செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கே வந்தது. இத்தனைக்கும் இரு பிரிவினரின் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

தராசு முள் சொல்லாத லாபமும் உண்டு என்பதற்கு இது சாட்சி. பகல் சாப்பாட்டை ஒரு மணிக்குக் கொண்டுவருவதும், கடை அடைத்ததும் வண்டியை எடுக்காமல் வீட்டுக்கு நடப்பதும் எந்த ஆப்பும் இல்லாமல் நாளையே தொடங்கக்கூடியவை. கணக்கை எழுதுவோம், தேதி குறிப்பதை உடம்பிடம் விட்டுவிடுவோம்.